தூக்கு இல்லை என்பதற்காக மேன்முறையீட்டை விடலாமா?

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது: "வயல் தகராறில் நடந்த கொலை வழக்கொன்றில் என் அண்ணனுக்கு மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் போன கிழமை மரண தண்டனை தந்தது. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கில் போடவில்லை, அதனால் அப்பீலுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை, கொஞ்சக் காலம் போனால் மன்னிப்பில் வந்துவிடுவார் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அது சரியா? அப்பீலில் உண்மையில் என்னதான் நடக்கும்?"

தங்கச்சி, சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி மற்றப் பாதியைக் கைவிட்ட குடும்பங்களை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வழக்குப் பேசிவரும் நான் கண்டிருக்கிறேன். அதனால் அவசரமானதை முதலில் சொல்கிறேன். வரலாறு அதற்குப் பிறகு.

தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனு போக வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 331ஆம் பிரிவு வைத்திருக்கும் கெடு அது. மனுவைத் தண்டனை வழங்கிய மேல் நீதிமன்றத்தின் பதிவாளரிடம் கொடுக்கலாம். அண்ணன் சிறையில் இருப்பதால், அங்குள்ள பொறுப்பதிகாரி மூலமாகவும் அனுப்பலாம். மனு பக்கம் பக்கமாக இருக்க வேண்டியதில்லை. தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது என்ற அடிப்படைக் காரணங்களோடு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால் போதும். விரிவான காரணங்களை வழக்கேட்டின் பிரதி கிடைத்த பிறகு எழுத்துமூலச் சமர்ப்பணத்தில் வைக்கலாம். கெடு தவறினால் மீளாய்வு மனு என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது உரிமையாகக் கிடைப்பதல்ல, விதிவிலக்கான சூழ்நிலை இருந்தது என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். "போன கிழமை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஒரு கிழமைக்கும் குறைவாக இருக்கலாம். இதன் மிச்சத்தை வாசிப்பதற்கு முன் சட்டத்தரணிக்கு ஒரு கோல் எடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்துப் பழகிய நம் ஆட்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. இந்தியாவில் கொலைக்கு ஆயுளா, தூக்கா என்று நீதிபதி தெரிவு செய்யலாம். 1980இல் பச்சன் சிங் வழக்குக்குப் பிறகு அங்கே தூக்கு என்பது அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டும். இங்கே அப்படியில்லை. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவில் கொலைக்கு ஒரே தண்டனைதான் இருக்கிறது, அது மரணம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கும் கர்ப்பிணிக்கும் மட்டுமே விலக்கு. கொலை நிரூபணமானது என்று நீதிபதி முடிவு செய்த கணத்தில் அவருக்கு வேறு வழி கிடையாது. அவர் மனம் இளகினாலும் சட்டம் இளகாது. இப்படி நீதிபதிக்குத் தெரிவே இல்லாமல் கட்டாயமாக்கப்பட்ட மரண தண்டனை வாழும் உரிமைக்கு முரணானது என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2009இல் வீரவன்ச என்ற இலங்கைக் கைதியின் முறைப்பாட்டில் சொல்லியிருக்கிறது. சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்தி, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, தீர்ப்பை வாசித்துப் பேனாவை முறித்தபோது உங்கள் அண்ணனைப் பற்றி நீதிபதி தனியாக ஒரு கொடூரமான முடிவு எடுத்தார் என்று எண்ண வேண்டாம். அந்தச் சடங்கு நம் நீதிமன்றங்களில் வழக்கமாக வந்தது, சட்டத்தில் எழுதப்பட்டதல்ல. அவர் எடுத்த முடிவு "இது கொலை" என்பது மட்டுமே. மேன்முறையீடு குறிவைக்க வேண்டியதும் அந்த முடிவைத்தான்.

தூக்கு ஏன் நடப்பதில்லை? ஜனாதிபதி நாளும் இடமும் குறித்துக் கையெழுத்திட்டால்தான் தண்டனையை நிறைவேற்றலாம். அதற்கு முன் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி வழக்கை விசாரித்த நீதிபதி ஜனாதிபதிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், சட்டமா அதிபர் அதன்மேல் ஆலோசனை சொல்ல வேண்டும், நீதி அமைச்சர் தம் சிபாரிசோடு அனுப்ப வேண்டும். கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23. அதற்குப் பிறகு எந்தத் தூக்குத் தண்டனையும் நிறைவேற்றப்படவில்லை. அவ்வளவுதான். தூக்கை ஒழித்த சட்டம் எதுவும் இல்லை. மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய 2004 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது மரண தண்டனையைத் திரும்ப நடைமுறைப்படுத்தப் போவதாக அரசு உடனேயே அறிவித்தது. 2019 ஜூன் மாதம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் வழக்குக் கைதிகள் நால்வரின் தூக்குக்குக் கையெழுத்திட்டுவிட்டதாகவே சொன்னார். அதற்கு முன்பே அலுகோசு (தூக்கிலிடுபவர்) வேலைக்கு விண்ணப்பமும் கோரியாயிற்று. ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால்தான் அது நின்றது. அந்த நாட்களில் மரண தண்டனைக் கைதிகளின் தாய்மார் எந்த நெஞ்சோடு செய்தி கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கையெழுத்து இல்லாததை நம்பி ஓர் உயிரை வைத்திருக்க முடியாது.

தூக்கை நிறுத்துவதும் திரும்பக் கொண்டுவருவதும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. பண்டாரநாயக்க அரசு 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் மரண தண்டனையை இடைநிறுத்தியது. அதே பண்டாரநாயக்க 1959 செப்டம்பர் 25 அன்று சுடப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பாராளுமன்றம் இடைநிறுத்தத்தை நீக்கி, முன்பு நடந்த கொலைகளுக்கும் தூக்கு செல்லும்படி சட்டத்தைப் பின்னோக்கி எழுதியது. குறி யார்மேல் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1961 மே மாதம் சுட்டவரான தல்துவ சோமாராமவுக்கும், சதி செய்ததாக மாப்பிட்டிகம புத்தரக்கித்த, எச். பி. ஜயவர்தன இருவருக்கும் மரண தண்டனை வழங்கப்பட்டது.

மேன்முறையீட்டில் நடந்ததை நான் இளம் சட்டத்தரணிகளுக்கு அடிக்கடி சொல்வேன். நாட்டின் பிரதமரைக் கொன்ற வழக்கு. தெருவெல்லாம் கோபம். பாராளுமன்றமே அவர்களுக்காகத்தான் சட்டத்தை மாற்றியது. அப்படியிருந்தும் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கச் சட்டத்தின் வாசகத்தை எடுத்து வைத்துப் படித்தது. பின்னோக்கிச் செல்லும் ஏற்பாடு கொலை என்ற குற்றத்தைத்தான் குறிப்பிடுகிறது, கொலைக்குச் சதி செய்வது அதில் அடங்காது என்று கண்டது. சதிக் குற்றவாளிகள் இருவரின் தூக்கும் ஆயுள் தண்டனையாக மாறியது. சோமாராம மட்டும் 1962 ஜூலை 6 அன்று வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். ஒரே சம்பவம், ஒரே விசாரணை, ஒரே தண்டனை. ஆனாலும் மேன்முறையீடு இருவரைத் தூக்குமேடையிலிருந்து இறக்கியது. அது அவர்கள் நல்லவர்கள் என்பதற்காக நடந்ததல்ல. சட்டத்தின் எழுத்தை ஒரு நீதிமன்றம் அமைதியாக வாசித்ததால் நடந்தது.

மேன்முறையீட்டு நீதிமன்றம் நம் நாட்டுக்கு வந்த பின்னணியும் தெரிந்திருக்க வேண்டியது. 1930களில் கொலைத் தீர்ப்பை எதிர்த்துப் போவதற்கு இங்கே குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றமே கிடையாது. மனைவியைக் குளோரோபோமால் கொன்றதாக ஸ்டீபன் செனவிரத்ன என்பவருக்கு 1934இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போய் 1936இல் விடுதலை பெற்றார். அவரிடம் வசதி இருந்தது, அதனால் கப்பலேறிப் போக முடிந்தது. நமது ஊரில் வெட்டுக்குத்து வழக்கில் தண்டனை பெற்ற ஒரு விவசாயி அந்தக் காலத்தில் எங்கே போயிருப்பார்? 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை உருவாக்கியது அதற்குப் பிறகுதான். அந்த நீதிமன்றம் பின்னர் கலைக்கப்பட்டு, 1978 அரசியலமைப்போடு இன்றைய மேன்முறையீட்டு நீதிமன்றம் வந்தது. இன்று கொலைத் தண்டனை பெற்ற எவருக்கும், கையில் ஒரு சதம் இல்லாவிட்டாலும், கொழும்பு புதுக்கடையில் இருக்கும் அந்த நீதிமன்றத்துக்குப் போக உரிமை இருக்கிறது. அதை விட்டுவிடச் சொல்பவர்களோடு என்னால் ஒருபோதும் உடன்பட முடியாது.

அங்கே என்ன நடக்கும்? சாட்சிகள் திரும்ப வரமாட்டார்கள். அண்ணன் கூண்டில் நின்று பேசமாட்டார். நீதியரசர்களுக்கு முன்னால் இருப்பது காகிதம். மட்டக்களப்பில் யார் என்ன சொன்னார்கள், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில், எந்தச் சான்றுப்பொருளுக்கு என்ன இலக்கம் என்று தட்டச்சு செய்த வழக்கேடு அது. மேன்முறையீடு வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அந்த ஏட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் கொழும்பில் பெரிய பெயரைத் தேடி ஓடுவதற்கு முன் ஏட்டைப் பாருங்கள் என்கிறேன்.

இதில் நமது மாவட்டங்களுக்கு மட்டும் இன்னொரு அடுக்கு உண்டு. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் விசாரணை தமிழில் நடக்கிறது, பதிவும் தமிழில் இருக்கிறது. கொழும்பில் அமரும் அமர்வில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. இதற்காகவே அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றத்தின் மொழி வேறாக இருந்தால் அந்த மொழியிலும் வழக்கேடு தயாரிக்கப்பட வேண்டும் என்கிறது. உரிமை நல்லது. நடைமுறையில் அதன் பொருள், அண்ணனின் தலைவிதி ஒரு மொழிபெயர்ப்பில் தொங்குகிறது என்பது. வயல்வெளியில் நடந்த சண்டையை ஒரு விவசாயி மட்டக்களப்புப் பேச்சில் சொல்கிறார். யார் முதலில் கை நீட்டியது, யார் பின்வாங்கியது, எந்த நேரத்தில் ஆயுதம் கைக்கு வந்தது என்ற ஒழுங்கு அவர் பேச்சில் தெளிவாக இருக்கும். மொழிபெயர்த்த ஏட்டில் அந்த ஒழுங்கு குலைந்தால், திடீர்ச் சண்டை ஒன்று திட்டமிட்ட தாக்குதல் போலத் தெரியும். நேரமும் ஆளும் போதாத நிலையில் வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர்களை நான் குறை சொல்லவில்லை. தமிழ்ப் பதிவையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கம் வைத்து வாசிக்கக்கூடிய ஒருவர் உங்கள் தரப்பில் இருக்க வேண்டும் என்கிறேன். பிழை இருந்தால் வாதத்துக்கு முன்பே நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்து திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

மொழி எப்படி ஒரு மனிதனின் ஆயுளைத் தின்னும் என்பதற்கு மட்டக்களப்பிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சிங்கராசா வழக்கு கொலை வழக்கல்ல, பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு. 1993இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரைக் கைது செய்தார்கள். அவருக்குப் புரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார் என்பதுதான் அவருக்கு எதிரான சான்று. மேல் நீதிமன்றம் 50 ஆண்டு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 35 ஆகக் குறைத்தது. உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் அது நியாயமான விசாரணை அல்ல என்றது. 2006இல் நமது உயர் நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு முறையிட வழிசெய்த இணக்கமே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று சொல்லிக் கதவை மூடியது. அந்த வழக்கை வாசித்தால் நெஞ்சு கனக்கும்.

உங்கள் அண்ணனின் வழக்கில் பயங்கரவாதத் தடைச் சட்டம் இல்லை. சாதாரணக் கொலை வழக்கில் பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏற்பதில்லை. ஆனால் 27ஆம் பிரிவு என்ற சிறு வாசல் உண்டு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொன்னதைக் கொண்டு கத்தியோ மண்வெட்டியோ கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்பான பகுதி மட்டும் சான்றாகும். அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் அது காட்டும். அதை வைத்தே அவர்தான் வெட்டினார் என்று தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால் அது மேன்முறையீட்டில் தாக்கக்கூடிய இடம்.

மட்டக்களப்பு, அம்பாறை வழக்குகளில் எனக்கு எப்போதும் முதலில் கண்ணில் படும் கேள்வி வேறு. வாய்க்கால் தண்ணீர், வரம்பு, வேலி, மாடு பயிருக்குள் இறங்கியது என்று தொடங்கும் சண்டைகள் நமது பக்கத்தில் ஏராளம். வாய்ச்சண்டை முற்றி, கையில் இருந்த மண்வெட்டி ஓங்கப்பட்டு, ஒரு அடியில் ஓர் உயிர் போகிறது. இது தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆம் பிரிவு சொல்லும் கொலையா, அல்லது அந்தப் பிரிவின் விதிவிலக்குகளுக்குள் வரும், கொலையாகாத குற்றமுறு மனிதக்கொலையா? கடுமையான திடீர் ஆத்திரமூட்டல், முன்திட்டம் இல்லாத திடீர்ச் சண்டை, தற்காப்பில் எல்லை மீறியது ஆகியவை அந்த விதிவிலக்குகளில் சில. இரண்டாவது வகை என்றால் 297ஆம் பிரிவு: மரணத்தை விளைவிக்கும் எண்ணம் இருந்தால் 20 ஆண்டு வரை, அறிவு மட்டும் இருந்தால் 10 ஆண்டு வரை. உயிர் போனது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் கட்டாய மரண தண்டனை, மற்றதில் எண்ணிக் கழிக்கக்கூடிய ஆண்டுகள். மேன்முறையீட்டு நீதிமன்றம் கொலைத் தீர்ப்பை 297க்கு மாற்றிய வழக்குகள் பல. அப்படி மாற்றும்போது, தண்டனையை மேல் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்ட நாளிலிருந்து எண்ணும்படி கட்டளையிட்ட தீர்ப்புகளும் இருக்கின்றன. உங்களுடையதும் வயல் தகராறு என்கிறீர்கள். காயங்கள் எத்தனை, எங்கே, ஆயுதம் முன்பே கொண்டுவரப்பட்டதா என்பவற்றைச் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். நான் ஏட்டைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது தவறு.

வேறு இடங்களும் உண்டு. பலர் சேர்ந்து நின்ற வழக்கென்றால் 32ஆம் பிரிவின் பொது எண்ணம் வரும். வெறுமனே அந்த இடத்தில் நின்றது பொது எண்ணம் ஆகாது, ஒவ்வொருவரின் மனநிலையையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பது 1948இன் அசப்பு வழக்கிலிருந்து நிலைத்த சட்டம். எதிரி கூண்டிலிருந்து சத்தியம் செய்யாமல் கொடுத்த வாக்குமூலமும் சான்றுதான். குறுக்கு விசாரணைக்கு உட்படாதது என்ற குறை அதற்கு உண்டு, ஆனால் அது நியாயமான சந்தேகத்தை எழுப்பினால் விடுதலைதான். "அரச தரப்புச் சாட்சியை நம்புகிறேன், ஆகவே எதிரி சொன்னது பொய்" என்று ஒரு நீதிபதி எழுதினால், நிரூபிக்கும் சுமையை அவர் எதிரியின் தோளில் ஏற்றிவிடுகிறார். 1980இன் ஜேம்ஸ் சில்வா வழக்கு, இரு தரப்புச் சாட்சியத்தையும் முழுமையாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். விசாரணை தொடங்குமுன் ஜூரி வேண்டுமா என்று எதிரியிடம் கேட்டார்களா என்பதையும் ஏட்டில் தேடுங்கள். அப்படிக் கேட்காமல் நடத்திய விசாரணை செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2008இல் தீர்த்திருக்கிறது. நீதிபதிகள் இடமாற்றம் பெற்றுப் போவது இங்கே சாதாரணம் என்பதால், சாட்சியைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர், தீர்ப்பெழுதியவர் வேறொருவர் என்பதும் நடக்கிறது. சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் "சாட்சியின் தோரணை நம்பிக்கை தந்தது" என்று அந்த இரண்டாமவர் எழுதியிருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம்.

எல்லாப் பிழையும் விடுதலை தராது. உரிமையைப் பாதிக்காத, நீதி தவறச் செய்யாத சிறு குறைகளுக்காகத் தீர்ப்பைப் புரட்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை தடுக்கிறது. சில வேளை தீர்ப்பை இரத்துச் செய்து மறுவிசாரணைக்கு அனுப்புவார்கள். அதற்குள் சாட்சிகளில் சிலர் இறந்திருப்பார்கள் அல்லது வெளிநாட்டில் இருப்பார்கள். அது எந்தத் தரப்புக்குச் சாதகம் என்பது வழக்கைப் பொறுத்தது.

மேன்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடாதா என்றும் சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. 2005இல் ராஜகிரிய றோயல் பார்க் தொடர்மாடியில் நடந்த கொலையில் எதிரிக்கு மேல் நீதிமன்றம் 2006இல் கொலையாகாத மனிதக்கொலைக்கு 12 ஆண்டுதான் விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அதைக் கொலையென்று கண்டு மரண தண்டனையாக்கியது. பின்னர் உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. குறைந்த தண்டனை பெற்றவர் மேன்முறையீட்டுக்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு அந்த ஆபத்து இல்லை. சட்டத்தின் உச்சத் தண்டனையை அவர் ஏற்கெனவே பெற்றுவிட்டார். அவருடைய மேன்முறையீட்டுக்கு மேலே போக இடமில்லை, கீழே வர மட்டுமே இடமிருக்கிறது.

இனி மன்னிப்பு. மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கை நம்மில் யாரும் மறக்கவில்லை. மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் 2015 ஜூனில் ஓர் இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை விதித்தது. அப்படியான தீர்ப்பாயத்திலிருந்து மேன்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்தின் ஐவர் அமர்வுக்குப் போகும். புங்குடுதீவு மாணவி கொலை வழக்கும் அந்த வழியில் போனதுதான். 2019 ஏப்ரலில் ஐவர் அமர்வும் மிருசுவில் தண்டனையை உறுதி செய்தது. 2020 மார்ச் 26 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களுக்கு ஒரே கையெழுத்தில் பதில் கிடைத்தது. ஆகவே மன்னிப்பு யாருக்கு, எப்போது, ஏன் என்பதில் ஒழுங்கைத் தேடாதீர்கள். அதோடு மன்னிப்பே இப்போது கடைசிச் சொல்லும் அல்ல. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரி 17 அன்று உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. றோயல் பார்க் குற்றவாளிக்கு 2019இல் கொடுத்த மன்னிப்பையும் 2024 ஜூன் 6 அன்று செல்லாததாக்கியது. செல்வாக்கு உள்ளவர்களின் மன்னிப்பே இப்படி ஆகிறது. நமது பக்கத்து ஓர் ஏழைக் குடும்பம் அதை நம்பி மேன்முறையீட்டைக் கைவிடுவது எந்தக் கணக்கில் சேரும்?

மரண தண்டனைக் கைதிகள் சிலருக்கு அவ்வப்போது ஜனாதிபதியின் கட்டளையால் தூக்கு ஆயுள் தண்டனையாக மாறுவதுண்டு. அது தண்டனைக் குறைப்பு மட்டுமே. கொலைகாரன் என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். 297க்கு மாற்றுவதும் விடுதலை செய்வதும் நீதிமன்றத்தால்தான் முடியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இறந்தவரின் குடும்பமும் பெரும்பாலும் நமது ஊரார்தான், பக்கத்துக் கோயிலடி, பக்கத்து வளவு. அவர்களும் சட்டத்தரணி மூலம் தங்கள் நலனை நீதிமன்றத்தில் கவனிக்கலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டோரைப் பாதுகாக்கும் சட்டம் அவர்களுக்கு இழப்பீடு கேட்கவும் வழி வைத்திருக்கிறது. மேன்முறையீடு செய்வதை அவர்களை அவமதிப்பதாக நினைத்துத் தயங்க வேண்டாம். அதேபோல, மேன்முறையீட்டுக் காலத்தில் சாட்சிகளிடமோ அந்தக் குடும்பத்திடமோ யாரும் சமாதானம் பேசப் போகக்கூடாது. அது அச்சுறுத்தலாகப் பார்க்கப்படும், தனிக் குற்றமாகும், வழக்கையும் கெடுக்கும்.

காசைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தனியார் சட்டத்தரணிக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்துக்குத் தீர்ப்பின் பிரதியோடு போங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றமே எதிரிக்கு ஒரு சட்டத்தரணியை நியமிக்கவும் முடியும், அதற்குச் சிறை மூலமாக வேண்டுகோள் வைக்க வேண்டும். மரண தண்டனைக் கைதிகளை மட்டக்களப்புச் சிறையில் நெடுநாள் வைப்பதில்லை, வெலிக்கடைக்கோ கண்டிப் பக்கமோ மாற்றிவிடுவார்கள். அதனால் அங்கே இருக்கும்போதே அவரிடம் மனுவிலும் சட்டத்தரணிக்கான அதிகாரப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்குங்கள். மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை தண்டனை நிறைவேற்றப்படாது. பிணை பெரும்பாலும் கிடைக்காது. வழக்கேடு தயாராகி, மொழிபெயர்ந்து, திகதி குறித்து வாதம் நடக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்தக் காலம் முழுவதும் வழக்கிலக்கத்தை எழுதி வைத்து, இடைக்கிடை கொழும்பிலுள்ள சட்டத்தரணியிடம் நிலவரம் கேளுங்கள்.

மேன்முறையீட்டு நீதிமன்றமும் எதிராகத் தீர்த்தால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போக விசேட அனுமதி கேட்க வேண்டும், அதற்குக் கெடு தீர்ப்பிலிருந்து ஆறு கிழமை, 42 நாள். தீர்ப்பு வந்த செய்தி ஊருக்கு எட்டுவதற்குள்ளேயே அதில் பாதி போய்விடக்கூடும். கொழும்புச் சட்டத்தரணியிடம் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, தீர்ப்புத் திகதி குறிக்கப்பட்டதும் அறிவிக்கச் சொல்லுங்கள். ஆனால் இன்றைய வேலை அதுவல்ல, அந்த 14 நாள்தான்.